கென்னடியின் நாற்காலியில் யார்?

கேள்வி: அமெரிக்க வரலாற்றில் மிகுந்த தாக்கம் ஏற்படுத்தியவர்கள் என்று வாஷிங்டன், லிங்கன், எடிசன், ஹென்றி ஃபோர்டு, கென்னடி ஆகிய ஐவரைக் குறிப்பிட்டேன். என் நண்பர் ஏற்க மறுக்கிறார். உங்கள் தீர்ப்பு என்ன?

பதில்: நண்பர் பக்கமே சாய்கிறேன், அவர் யாரைச் சொன்னார் என்பதை நீங்கள் எழுதாமல் விட்டதுதான் குறை. நீங்கள் தந்திருப்பது உங்கள் மதிப்புக்கு உரியவர்களின் பட்டியல். தாக்கத்தை அளக்க வேண்டுமானால், இந்த மனிதர் பிறக்காமலே இருந்திருந்தால் அந்நாட்டின் போக்கு எவ்வளவு மாறியிருக்கும் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் முதலில் உதிர்பவர் கென்னடி. மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையாத பதவிக்காலம் அவருடையது. அவர் முன்வைத்த சமூக உரிமைச் சட்டத்தை 1964இல் நிறைவேற்றிக் காட்டியவர், நாடாளுமன்றத்தின் சந்துபொந்துகளை எல்லாம் அறிந்திருந்த, கென்னடிக்குப் பின் குடியரசுத் தலைவரான லிண்டன் ஜான்சன். அழகும் அகால மரணமும் ஜான்சனுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

எடிசன் இல்லாவிட்டாலும் மின்விளக்கு எரிந்திருக்கும். இங்கிலாந்தில் ஜோசஃப் ஸ்வான் அதே காலத்தில் எரியவிட்டுக்கொண்டிருந்தார். 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் அமைத்து, மின்சாரத்தையே விற்பனைச் சரக்காக்கினார் என்பதற்காக அவரை வைத்துக்கொள்ளலாம். ஃபோர்டும் இருக்கட்டும்.

தாக்கம் நன்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதி செய்யவில்லை. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு, அதாவது நம் ஊர்களில் ஜின்னிங் என்று சொல்கிற வேலைக்கான கருவிக்கு, 1794இல் காப்புரிமை பெற்ற எலி விட்னியை எண்ணிப் பாருங்கள். கையால் கொட்டை எடுப்பது கட்டுப்படியாகாது என்று கிடந்த குட்டை இழைப் பருத்தி, அந்தக் கருவி வந்ததும் தென் மாநிலங்களின் முதன்மைப் பணப்பயிரானது. 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 40 லட்சத்தை நெருங்கியது. லிங்கன் நடத்த நேர்ந்த உள்நாட்டுப் போருக்கு இந்தப் பருத்தியில் பெரும் பங்கு உண்டு. ஆனால் என் சோதனையை விட்னி மீதும் வைத்தாக வேண்டும். ஊர்த் தச்சர்களே பார்த்துச் செய்துகொள்ளும் அளவுக்கு அது எளிய கருவி. அவர் காப்புரிமை சரியாகக் காசாகாமல் போனதற்கும் அதுவே காரணம். அவர் செய்யாவிட்டால் வேறொருவர் சில ஆண்டுகளில் செய்திருப்பார். ஆகவே கருவிக்கு இடம் உண்டு; ஆனால் கருவியைச் செய்தவருக்கு உறுதியாக இடம் உண்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தச் சோதனையில் தேறுகிற ஒருவரை நீங்கள் அடியோடு மறந்துவிட்டீர்கள்: ஜான் மார்ஷல். 1801 முதல் 1835இல் இறக்கும்வரை, ஆறு குடியரசுத் தலைவர்களின் காலத்தில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அந்தப் பதவி முதலில் ஜான் ஜேவுக்குத்தான் அளிக்கப்பட்டது. ஏற்கெனவே அதை வகித்திருந்த அவர், அந்த நீதிமன்றத்துக்கு வலுவும் இல்லை, மதிப்பும் இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். மார்ஷலோ 1803இல், மார்பரி என்பவர் தொடுத்த வழக்கில், அரசமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டென நிலைநாட்டினார். வேடிக்கை என்னவென்றால், முன்பு வெளியுறவு அமைச்சராக இருந்தபோது மார்ஷலே அனுப்பாமல் விட்ட ஒரு நியமன ஆணைதான் அந்த வழக்குக்கே மூலம். இன்றைய நீதிபதியானால் விலகிக்கொண்டிருப்பார். 1819இல், மைய அரசின் வங்கி மீது மேரிலாந்து மாநிலம் வரி போட முடியாது என்றும் தீர்ப்பளித்தார். மாநிலங்களின் உரிமையைப் பெரிதாக மதித்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன், தம் தூரத்து உறவினரான இவரைக் கடைசிவரை வெறுத்ததில் வியப்பில்லை.

ஜே சம்மதித்திருந்தால் அந்நாட்டின் நீதிமன்றமும், ஏன், மைய அரசுமேகூட, நாம் அறிந்த உருவை அடைந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. வாஷிங்டனையும் லிங்கனையும் அசைக்க வேண்டாம். கென்னடியை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் மார்ஷலை உட்கார வையுங்கள். அடுத்த கடிதத்தில் நண்பரின் பட்டியலையும் மறக்காமல் அனுப்புங்கள்.