கொலோசியத்துக்கு குழந்தைங்களுக்கும் முழு ரேட்டா?

கேள்வி: ஜூன்ல ரோம் போறோம் சார். பையனுக்கு 6 வயசு, பொண்ணுக்கு 11. கொலோசியம் பாக்க ஏஜென்ட் நாலு பேருக்கும் தலைக்கு 55 யூரோ கேக்குறார், வரிசையில நிக்கவே வேணாமாம். குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்கம்மா. சாதா டிக்கெட் 18 யூரோ, பக்கத்துல இருக்குற ஃபோரம், பாலட்டைன் குன்றுங்கற பழைய ரோமானிய இடிபாடு ரெண்டும் அதுலயே அடக்கம். 18 வயசுக்குக் கீழ எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இலவசம், அப்போ உங்க ரெண்டு வாண்டுங்க பேர்ல வாங்குற 110 யூரோ எதுக்குன்னு அவரையே கேளுங்க. வரிசையே இல்லைங்கறதும் கப்சா, பை செக்கிங் வரிசையில எல்லாரும் நின்னு தான் ஆகணும்.

இலவசம்னு கைய வீசிட்டும் போயிடாதீங்க. பிள்ளைங்களுக்கும் ஜீரோ யூரோ டிக்கெட் புக் பண்ணணும், உங்க டைம் ஸ்லாட்லயே. பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே பேர் போடுங்க, இனிஷியல் விரிவாக்கம் உட்பட. வீட்ல கூப்பிடுற பேரைப் போட்டுட்டு கேட்ல நின்னு முழிச்சவங்களை நான் பாத்திருக்கேன். அரசு சைட்ல 30 நாள் முன்னாடி தான் திறக்கும், திறந்த கையோட காலியாயிடும். டூர் கம்பெனிங்க டிக்கெட்ட மொத்தமா அள்ளிட்டுப் போய், கூட டூரையும் ஒட்டிச் சேத்து விக்கிறாங்க. இதுக்கு 2025ல வியாபாரப் போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்குற இத்தாலி அரசு ஆணையமே டிக்கெட் வித்த நிறுவனத்துக்கும் ஆறு டூர் கம்பெனிக்கும் சேத்து கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு, போட்டு என்ன, நாம இன்னும் ராத்திரி கண்ணு முழிச்சு ரெஃப்ரெஷ் தட்டிக்கிட்டு தான் இருக்கோம்.

வாட்டிகன் மியூசியத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது, நல்லா கேட்டுக்கங்க. அது தனி நாடு, இத்தாலி அரசோட சலுகை அதுக்குப் பொருந்தாது. பொண்ணுக்கு குறைஞ்ச ரேட்ல டிக்கெட் எடுத்தே ஆகணும். ஊரு ஒண்ணு தானேன்னு நினைச்சு ஏமாறாதீங்க. பஸ்லயும் இதே மாதிரி தான், 10 வயசு வரைக்கும் பெரியவங்களோட வந்தா ஃப்ரீ, பொண்ணுக்கு 11, அதனால அவளுக்கும் ஒண்ணரை யூரோ டிக்கெட்.

கொலோசியம் வாசல்ல போர்வீரன் வேஷத்துல நிக்கிறவனோட போட்டோ எடுக்காதீங்க, எடுத்து முடிச்சதும் பிள்ளை கண்ணு முன்னாடியே காசுக்கு நிப்பான்.

தண்ணி பாட்டிலும் வாங்க வேணாம். ரோம்ல தெருவுக்குத் தெரு நாசோனேன்னு இரும்புக் குழாய், சுமார் 2500 இருக்கு, ஓயாம ஓடுற குடிதண்ணி. கீழ மூக்கு மாதிரி வளைஞ்சிருக்கிற வாயை விரலால அடைச்சா மேல இருக்கிற ஓட்டை வழியா பீச்சி அடிக்கும், அப்படியே வாய் வச்சு குடிச்சுக்கலாம். பையன் முதல் தடவை சட்டையை நனைச்சுப்பான், மாத்துத் துணி ஒண்ணு எடுத்துக்கங்க.