பங்கில் இலத்தீன் பாடல்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் பங்குப் பாடகர் குழுவில் 14 பேர் இருக்கிறோம். கீபோர்டு, ரிதம் பேட் எல்லாம் உண்டு. ஆனாலும் ஞாயிறு திருப்பலியில் மக்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்களே தவிர, பாடுவதில்லை. பழைய இலத்தீன் பாடல்களைக் கொண்டுவரலாம் என்கிறார் பங்குத்தந்தை. பெரியவர்களுக்கு ஆசைதான், இளைஞர்கள் விலகிப் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பங்குத்தந்தையே முன்வந்திருப்பது பெரிய பலம். ஏனென்றால், முதலில் பாட வேண்டியவர் அவர்தான்.

திருவழிபாட்டு இசை குறித்து 1967-இல் வெளியான ‘மூசிக்காம் சாக்ராம்’ என்ற வத்திக்கான் அறிவுரை, பாடப்பட வேண்டிய பகுதிகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. குருவும் மக்களும் மாறி மாறிப் பாடும் வாழ்த்துரை, தொடக்கவுரைக்கு முந்தைய உரையாடல், ‘தூயவர்’, ஆண்டவர் கற்பித்த செபம் போன்றவை முதல் படி. ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’, ‘உன்னதங்களிலே’, ‘செம்மறி’ போன்றவை இரண்டாம் படி. வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், நற்கருணைப் பாடல் எல்லாம் மூன்றாம் படியில்தான் வருகின்றன. முதல் படி இல்லாமல் மற்ற இரண்டையும் எடுக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. நம் பங்குகள் பலவற்றில் நடப்பது நேர் எதிர். வாரம் முழுக்க ஒத்திகை மூன்றாம் படிக்கு. முதல் படியோ வெறுமனே வாசிக்கப்படுகிறது. தனக்கென்று ஒரு வரிகூட இல்லாத இடத்தில் மக்கள் கேட்டுக்கொண்டுதான் நிற்பார்கள்.

ஆகவே முதல் நான்கு ஞாயிறுகளுக்குப் புதுப் பாடல் எதுவும் வேண்டாம். ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்பதைத் தந்தை இரண்டு மூன்று சுரங்களுக்குள் பாடட்டும். மக்கள் அதே மெட்டில் தமிழிலேயே பதில் பாடட்டும். கீபோர்டு வேண்டாம், மைக்கில் குழுவும் வேண்டாம்.

இலத்தீனைத் தொடங்கத் தவக்காலம் மிகவும் பொருத்தம். அப்போது ‘உன்னதங்களிலே’ கிடையாது. இசைக்கருவிகளும் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பதுதான் விதி. (4-ஆம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு.) ரிதம் பேடை ஏன் நிறுத்தினீர்கள் என்ற சண்டைக்கே இடமிருக்காது.

எதை எடுப்பது? பழைய இலத்தீன் பூசைப்பாடல் தொகுப்புகளுக்கு எண் உண்டு. பலரும் ஆசையோடு எட்டாம் எண் பூசைப்பாடலான ‘மிஸ்ஸா தே ஆஞ்செலிஸ்’ தொகுப்பின் குளோரியாவை (‘உன்னதங்களிலே’) எடுத்துக்கொண்டு திணறுவார்கள். அது நீளம், மேலே ஏறும் பாட்டு. பாதியிலேயே மக்கள் ஓய்ந்துவிடுவார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் எல்லாப் பங்குகளுக்குமான எளிய மெட்டுகளைத் திரட்டி 1974-இல் ‘யூபிலாத்தே தேயோ’ என்ற சிறு தொகுப்பை வெளியிட்டார். அதிலுள்ள 18-ஆம் எண் பூசைப்பாடலின் ஆஞுஸ் தேயியை (‘செம்மறி’) முதலில் எடுங்கள். பிறகு அதே எண்ணின் சாங்துஸ் (‘தூயவர்’), அதன்பின் 16-ஆம் எண் கீரியே (‘ஆண்டவரே இரக்கமாயிரும்’). குளோரியா அடுத்த ஆண்டு வரை காத்திருக்கட்டும். ஒரு மெட்டைத் தொடங்கினால் அந்தக் காலம் முழுவதும் அதையே பாடுங்கள். வாரம் ஒரு மெட்டு என்று மாற்றினால் எதுவும் நெஞ்சில் நிற்காது.

பாட்டுத் தாளைத் தமிழ் எழுத்திலேயே அச்சிடுங்கள், கீழே தமிழ்ப் பொருளும் இருக்கட்டும். இலத்தீனின் திருச்சபை உச்சரிப்புக்குத் தமிழ் நன்றாகவே ஒத்துழைக்கும். ‘டோமினுஸ்’ என்று ஆங்கில வழியில் எழுதாதீர்கள். நாக்கு பல்லைத் தொடும் ‘தோமினுஸ்’தான் சரி. ‘ஆக்னுஸ்’ அல்ல, ‘ஆஞுஸ்’. அதற்கான எழுத்து நம்மிடமே இருக்கிறது. ‘பாசெம்’ என்று எழுதினால் மக்கள் ‘பாஸெம்’ என்பார்கள். ‘பாச்செம்’ என்று இரட்டித்து எழுதினால் தானாகச் சரியாக வரும். ‘தோனா நோபிஸ் பாச்செம்’: மூன்று சொல்லிலும் அழுத்தம் முதல் அசையில். இந்த அழுத்தம்தான் இங்கே தாளம். ஒவ்வொரு சுரத்தையும் ஒரே கனத்தில் தட்டித் தட்டிப் பாடினால் பாட்டு இழுபடும், சுருதியும் இறங்கும். பேசுகிற வேகத்தில் வாசித்துப் பழகிவிட்டு மெட்டுக்குப் போங்கள்.

மக்கள் பாடாததற்கு இன்னொரு காரணம், சுருதி. தனிக்குரல் பாடகிக்கு வசதியான கட்டையில் பாட்டை எடுத்தால், ஆண்கள் இரண்டாம் வரியிலேயே விட்டுவிடுவார்கள். பாட்டின் உச்ச சுரம் கீபோர்டில் மேல் 2 கட்டையைத் தாண்டாதபடி ட்ரான்ஸ்போஸ் செய்து இறக்கிக்கொள்ளுங்கள். காலை ஆறு மணித் திருப்பலிக்கு இன்னும் அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கலாம். கீபோர்டில் ஆர்கன் ஒலி போதும். ஆட்டோ ரிதம் வேண்டாம். வழிநடத்தும் ஒருவருக்கு மட்டும் மைக். மக்கள் சேர்ந்துகொண்டதும் அவரும் ஒரு கை தூரம் பின்னால் நகர வேண்டும். மைக்கில் 14 குரல் ஒலித்தால் பக்கத்தில் நிற்பவர் பாடுவது கேட்காது. அது கேட்காதவரை கூச்சம் போகாது.

தமிழை ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963-இன் திருவழிபாட்டுச் சாசனம், இந்தப் பழைய இலத்தீன் இசையான கிரகோரியன் இசைக்கு முதலிடம் தருகிறது. அதே சாசனம் மக்களின் சொந்த இசை மரபையும் மதிக்கச் சொல்கிறது. ‘மாண்புயர் இவ்வருட்சாதனத்தை’ பாடத் தெரிந்த பங்குக்கு அதன் மூலமான ‘தாந்தும் எர்கோ’ அந்நியமாகத் தோன்றாது. நற்கருணை ஆசீரில் ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் இலத்தீன் என்று எடுக்கலாம்.

முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலையும் கவனியுங்கள். அந்த இடத்தில் ஏதாவதொரு தியானப் பாடலைப் பாடும் வழக்கம் தவறு; திருப்பாடல் இறைவார்த்தை, வேறு பாட்டு அதற்கு ஈடாகாது. இதற்கு மெட்டமைப்பாளரும் தேவையில்லை. ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’ என்ற பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆண்டவரே என்’ வரை ஸ-விலேயே நில்லுங்கள். ‘ஆ’ ரி-க்கு ஏறட்டும், ‘யர்’ ஸ-வுக்குத் திரும்பட்டும். ‘எனக்கேதும்’ ஸ-வில், ‘குறை’ கீழ் நி-யில், ‘யில்லை’ மறுபடி ஸ-வில். திருப்பாடல் அடிகளையும் இப்படியே, கடைசி இரண்டு மூன்று அசையில் மட்டும் அசைத்துப் பாடலாம். எந்த அசையில் சுரம் மாறுகிறதோ அதன் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் போதும்.

இளைஞர்களை இங்கேதான் முன்னால் நிறுத்த வேண்டும். நான்கு பேரைத் தேர்ந்து, மாதம் ஆளுக்கு ஒரு ஞாயிறு பதிலுரைப் பாடலை ஒப்படையுங்கள். மறைக்கல்வி வகுப்பில் பத்து நிமிடம் ஆஞுஸ் தேயி சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகள் மூலம் அது வீட்டுக்குப் போகும். மாதம் ஓர் அன்பியத்தை (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) முன்வரிசையில் உட்காரவைத்து, திருப்பலிக்கு முன் ஐந்து நிமிடம் அவர்களோடு ஒத்திகை பாருங்கள். விளக்கவுரை வேண்டாம், ஒரு வரி பாடிக் காட்டுங்கள், அவர்கள் திருப்பிப் பாடட்டும். கீபோர்டு வாசிப்பவரிடமும் பேட் வாசிப்பவரிடமும் தவக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பே நேரில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பீட அறிவிப்பில்தான் அவர்களுக்குத் தெரியவந்தால், நல்ல கலைஞர்களை வீணாக இழப்பீர்கள்.