நரிக்குப் போட்ட வாய்ப்பூட்டு

கேள்வி: என் பேரன் ‘சூட்டோப்பியா’ படத்தை எத்தனை தடவைதான் பார்ப்பானோ தெரியவில்லை. முயல் போலீசும் நரியும் ஊர் சுற்றுகிற கதையில் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகி, பகாவ்

பதில்: அம்மா, சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். மழை பிடித்தால் பேத்திக்கு அந்தப் படம், எனக்குப் பாலில்லாத தேநீர், ஒரு தே ஓ. 2016இல் வந்தது, மறு ஆண்டே ஆஸ்கரும் வாங்கியது.

எலியை எலி அளவிலும் யானையை யானை அளவிலும் விட்டு ஒரு நகரத்தைக் கட்டியிருக்கிறார்களே, அதுதான் முதல் கெட்டிக்காரத்தனம். நீந்தி வேலைக்கு வரும் நீர்யானைகள் கரையேறி, காற்றடிக்கும் கருவி முன் நின்று காய்ந்துவிட்டுப் போகின்றன. அப்புறம் வாகன அலுவலகத்தில் வேலை பார்க்கும் அந்த ஸ்லோத், ஆமைபோல் மெல்ல நகரும் மிருகம்! ஒரு வண்டி நம்பரைத் தேடித் தருவதற்குள் முயலுக்கு உயிரே போய்விடுகிறது. வரிசை நம்பர் எடுத்துவிட்டுக் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்தவன் நான். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

என்னைப் பிடித்துக்கொண்ட இடம் வேறு. நரியின் சிறு வயதுக் கதை அது. அவன் அம்மா காசு சேர்த்துப் புதுச் சாரணர் உடுப்பு வாங்கித் தருகிறாள். ஆசையாகப் போனவனை மற்ற பிள்ளைகள் அமுக்கிப் பிடித்து, “நரியை நம்ப முடியுமா?” என்று வாய்ப்பூட்டு மாட்டிவிடுகிறார்கள். நான் படிவம் ஒன்றில் சாரணராகச் சேர்ந்தபோது, உடுப்புக்காக என் அம்மா ஞாயிற்றுக்கிழமையும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனார். முதல் நாளே “எஸ்டேட் பையன், பின்னால் போ” என்றார்கள். அந்தக் காட்சியில் என் கண் கலங்கியதைப் பேத்தி பார்த்துவிட்டாள். தே ஓ சூடு என்று சமாளித்தேன்.

குறை இல்லையா? இருக்கிறது. இனப் பாகுபாட்டைச் சொல்ல வந்த படம், அதற்கு இரையையும் இரை பிடிக்கும் மிருகத்தையும் எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் இரை பிடிப்பவை இரையை அடித்துத் தின்றன என்று படமே ஆரம்பத்தில் ஒரு பள்ளி நாடகத்தில் சொல்லிவிடுகிறது. அப்படியென்றால் முயலின் பயத்துக்குக் காரணம் இருக்கிறதே? மனிதர்களில் எந்த இனமும் இன்னோர் இனத்துக்கு இரையாகப் பிறந்ததில்லை. உவமை அங்கே நொண்டுகிறது. ஆனால் நல்லவளான அந்த முயலின் கையே, நரி சும்மா மிரட்டியதும், இடுப்பிலிருக்கும் நரி விரட்டும் ஸ்ப்ரேயைத் தேடிப் போகும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகப் பாதிக் குறையை மன்னித்துவிட்டேன். மீதிப் பாதியை மன்னிக்கவில்லை. கடைசியில் சதி செய்தவரே நின்று முழுக் கதையையும் ஒப்பிக்கிறார், கோயில் திருவிழா நாடகத்தில் வருவதுபோல.

இன்னொன்று, சிங்கம் மேயராக இருக்கிற ஊரில் அவருக்கு மத்தியானச் சாப்பாடு என்ன? படம் வாயைத் திறக்கவில்லை. பேத்தி என்னிடம் கேட்டாள். பருப்புச் சோறு என்றேன். நம்பவில்லை.