கார்டு பெரிது, வழி குறுகியது: வெளிப்புற கிராஃபிக்ஸ் கார்டு பற்றிய கேள்வி பதில்

மேசைக் கணினிக்குரிய கிராஃபிக்ஸ் கார்டை (விளையாட்டின் காட்சிகளை வரையும் பலகை) மடிக்கணினிக்கு வெளியே ஒரு பெட்டியில் வைத்து, கேபிள் வழியாக இணைத்து விளையாடுவது பற்றி இந்த வாரம் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். ஏழு ஆண்டுகளாக நான் இப்படித்தான் விளையாடுகிறேன். நண்பர்கள் சிலருக்கு அமைத்தும் கொடுத்திருக்கிறேன். வந்த கேள்விகளில் பாதி, "எந்தக் கார்டு வாங்கலாம்?" என்பதுதான். கார்டைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். காரணம் போகப் போகப் புரியும்.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மாணவன். என் மடிக்கணினியில் யுஎஸ்பி-சி போர்ட் இருக்கிறது. வெளியே ஒரு கார்டு வாங்கி அதில் மாட்டினால் விளையாட்டு ஓடுமா?

பதில்: தம்பி, போர்ட்டின் வடிவத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதே நீள்வட்டத் துளை ஒரு மடிக்கணினியில் சார்ஜ் ஏற்றவும் பென் டிரைவ் செருகவும் மட்டுமே பயன்படும். இன்னொன்றில் அதுவே தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்புக்கான போர்ட்டாக இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு பேசும் மொழி பிசிஐ எக்ஸ்பிரஸ். அதைக் கேபிள் வழியாக வெளியே கொண்டுவரும் திறன் போர்ட்டுக்கு இருக்க வேண்டும். தண்டர்போல்ட் 3, 4, 5 ஆகியவற்றுக்கு அது உண்டு. துளைக்கு அருகே சிறிய மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி4 என்று போட்டிருந்தால் கவனம் தேவை. அந்தத் தரத்தில் மடிக்கணினிக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் வசதி கட்டாயமில்லை, தயாரிப்பாளரின் விருப்பம். மாடல் எண்ணைப் போட்டு, தயாரிப்பாளர் தரும் விவரப் பட்டியலைப் படித்த பிறகே பணத்தை எடுங்கள்.

பழைய மடிக்கணினி வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தண்டர்போல்ட் 3 வந்த தொடக்கத்தில், பிசிஐ எக்ஸ்பிரஸின் நான்கு தடங்கள் (தரவு போய்வரும் பாதைகள்) தர வேண்டிய இடத்தில் இரண்டு தடங்களோடு வந்த மடிக்கணினிகள் உண்டு. 2016-ல் வந்த டெல் எக்ஸ்பிஎஸ் 13 (9360) அப்படிப்பட்டது. கார்டு ஓடும், ஆனால் வழி பாதியாகிவிடும்.

கேள்வி: 40 கிகாபிட் வேகம் என்கிறார்கள். அது போதாதா? இழப்பு எவ்வளவு?

பதில்: 40 கிகாபிட் என்பது கேபிளின் மொத்தக் கொள்ளளவு. அது முழுவதும் கார்டுக்குக் கிடைப்பதில்லை. தண்டர்போல்ட் 3, 4 இரண்டிலும் கார்டுக்கு அதிகபட்சம் கிடைப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையின் நான்கு தடங்கள்தான். நடைமுறையில் விநாடிக்கு 3 கிகாபைட்டை (ஒரு கிகாபைட் என்பது 8 கிகாபிட்) ஒட்டியே வரும், பல மடிக்கணினிகளில் அதற்கும் கீழே. மேசைக் கணினியில் அதே தலைமுறையின் 16 தடத் துளை 16 கிகாபைட் தருகிறது. நான்காம் தலைமுறையில் அது 32.

இந்தக் கணக்கைப் பார்த்துப் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். அப்படி உடைய வேண்டியதில்லை. விளையாட்டு ஏற்றப்படும்போது படங்களும் வடிவங்களும் ஒருமுறை கார்டின் நினைவகத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகின்றன. அதன் பிறகு ஒவ்வொரு பிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) பிராசசரிலிருந்து போவது பெரும்பாலும் கட்டளைகள்தான். ஆகவே இழப்பு விளையாட்டைப் பொறுத்தது. நடுத்தரக் கார்டில், தனி மானிட்டரில் விளையாடும்போது கால் பங்கு வரை குறைவதை இயல்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலர் நம்ப மறுக்கும் ஒரு விஷயம் உண்டு. திரையின் தெளிவுத்திறனைக் கூட்டினால் இழப்பின் விகிதம் குறையும். ஒவ்வொரு பிரேமையும் வரையக் கார்டுக்கு அதிக நேரம் பிடிக்கும். விநாடிக்கு வரும் பிரேம்கள் குறையும். அதனால் கேபிளில் நெரிசலும் குறையும். மாறாக, 1080 வரித் திரையில் எல்லா அமைப்பையும் தாழ்த்தி, விநாடிக்கு 200 பிரேம் வேண்டும் என்று போட்டி விளையாட்டு ஆடுபவருக்கு இந்த அமைப்பு பெரும் ஏமாற்றம் தரும். அழகான காட்சிகளோடு, கதை சொல்லும் விளையாட்டுகளை 60 பிரேமில் நிதானமாக ஆடுபவருக்கு இது நன்றாகப் பொருந்தும்.

கேள்வி: தனி மானிட்டர் அவசியமா? மடிக்கணினியின் திரையிலேயே பார்க்கக் கூடாதா?

பதில்: பார்க்கலாம், ஆனால் விலை உண்டு. 1920-க்கு 1080 திரையில் ஒரு பிரேம் ஏறத்தாழ 8.3 மெகாபைட். 60 பிரேம் என்றால் விநாடிக்கு 500 மெகாபைட். 144 பிரேம் என்றால் 1.2 கிகாபைட். கார்டு வரைந்து முடித்த படம் இத்தனையும் அதே கேபிளில் திரும்பி வந்து, உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்பின் கைமாறித் திரைக்குப் போக வேண்டும். திரும்பும் திசை வேறு என்றாலும், ஒவ்வொரு பிரேமையும் நகலெடுக்கும் வேலை கூடுகிறது. மானிட்டரின் கேபிளைக் கார்டின் பின்புறமே செருகிவிட்டால் இந்தச் சுற்றுப் பயணம் முழுவதும் மிச்சம். கையில் பணம் குறைவு என்றால், ஒரு படி சிறிய கார்டும் பழைய மானிட்டர் ஒன்றும் வாங்குங்கள்.

கேள்வி: 15 வாட் பிராசசர் உள்ள மெல்லிய மடிக்கணினி வைத்திருக்கிறேன். கார்டுக்கு ஈடுகொடுக்குமா?

பதில்: நடுத்தரக் கார்டுக்குப் பல விளையாட்டுகளில் கொடுக்கும், உயர்தரக் கார்டுக்குக் கொடுக்காது. வெளிக் கார்டு வேலை செய்யும்போது உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் சிப் ஓய்வெடுக்கிறது. அதற்குப் போன மின்சாரமும் வெப்ப அனுமதியும் பிராசசருக்குக் கிடைக்கின்றன என்பது ஓர் ஆறுதல். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. விளையாட்டின் தெளிவுத்திறனைப் பாதியாகக் குறையுங்கள். பிரேம் எண்ணிக்கை நகரவே இல்லையென்றால் முட்டுக்கட்டை பிராசசரிலோ கேபிளிலோ இருக்கிறது. அப்போது இன்னும் பெரிய கார்டு வாங்குவது வீண்.

கேள்வி: சரி, எந்தக் கார்டு?

பதில்: இப்போது கேட்கலாம். வெளிப்புற அமைப்பில் நான் முதலில் பார்ப்பது கார்டின் நினைவக அளவு. மேசைக் கணினியில் நினைவகம் நிரம்பி வழிந்தால், வழிந்தது 16 தடச் சாலையில் கணினியின் ரேமுக்குப் போய் வரும். நமக்கோ ஒற்றையடிப் பாதை. அங்கே சிறு தடுமாற்றமாக இருப்பது இங்கே திரை உறைந்து நிற்பதாக மாறிவிடும். ஆகவே 4 கிகாபைட் கார்டுகளை ஒதுக்கிவிடுங்கள். 12 கிகாபைட் கொண்ட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 நல்ல நிலையில் பழையதாகக் கிடைத்தால், நான் தயங்காமல் அதை எடுப்பேன். 170 வாட்தான் கேட்கும்.

ஆர்டிஎக்ஸ் 4060 எட்டுத் தடங்கள்தான் பயன்படுத்துகிறது என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். நம் பாதையே நான்கு தடம். அந்தக் குறை இங்கே தொடவே தொடாது. இன்டெல் ஆர்க் கார்டுகளை மட்டும் இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவை முழு வலிமையோடு ஓட, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுகும் ரீசைசபிள் பார் வசதி வேண்டும். தண்டர்போல்ட் வழியாக அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

கேள்வி: ஆக்குலிங்க் என்ற இணைப்பு தண்டர்போல்ட்டைவிட வேகம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: உண்மை. பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறையின் நான்கு தடங்களை நடுவில் எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல் நேரே வெளியே கொண்டுவருகிறது. 64 கிகாபிட். ஜிபிடி (GPD) நிறுவனத்தின் சில கையடக்கக் கணினிகளில் இந்தப் போர்ட் உண்டு. இல்லாதவர்கள், எஸ்எஸ்டி செருகும் எம்.2 துளையில் ஒரு மாற்றியைப் பொருத்தி வெளியே எடுக்கிறார்கள். அந்த மடிக்கணினியில் இரண்டாவது எம்.2 துளை இருக்க வேண்டும். கேபிள் வெளிவர அடிமூடியில் வழி செய்ய வேண்டும். வாரன்டி உள்ள மடிக்கணினியில் இதைச் செய்ய நான் யாரையும் தூண்ட மாட்டேன்.

இன்னொன்று முக்கியம். கணினி ஓடும்போது ஆக்குலிங்க் கேபிளைச் செருகவோ கழற்றவோ கூடாது. அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். அதன் வழியே மடிக்கணினிக்கு சார்ஜும் ஏறாது. தண்டர்போல்ட் பெட்டிகளில் சில, ஒரே கேபிளில் சார்ஜும் தருகின்றன. ரேசர் கோர் எக்ஸ் 100 வாட் வரை தரும். தினமும் அலுவலகத்துக்கு எடுத்துப்போய் மாலையில் வந்து மாட்டுபவருக்கு அந்த வசதியின் அருமை தெரியும். 2023-ல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 5 வேகம், சார்ஜ் இரண்டையும் சேர்த்துத் தருகிறது, கார்டுக்கு 64 கிகாபிட் வரை. ஆனால் மடிக்கணினி, பெட்டி இரண்டுமே ஐந்தாக இருக்க வேண்டும்.

கேள்வி: மேக்புக்கில் முடியுமா?

பதில்: தண்டர்போல்ட் 3 உள்ள இன்டெல் மேக்குகளில், 2018-ல் வந்த மேக்ஓஎஸ் 10.13.4 முதல் ஏஎம்டி கார்டுகளோடு முடியும். எம்1 முதலான ஆப்பிள் சிப் உள்ளவற்றை விளையாட்டுக்காக இப்படி இணைக்க முடியாது. அதற்காகப் பெட்டி வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன். விண்டோஸில் சாதனங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் "கோடு 12" என்றும் வருகிறது. கார்டு பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது இல்லை, பயப்படாதீர்கள். கார்டு தனக்கென்று ஒரு பெரிய நினைவக முகவரிப் பரப்பைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சாதனங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்த பிறகு மீதி இல்லை என்று கணினி சொல்கிறது. உள்ளே ஏற்கெனவே தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினிகளில் இது அதிகம். அந்தச் சிப்பை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டு, கணினியை மீண்டும் தொடங்கிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் பயாஸைப் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) புதுப்பியுங்கள். பயாஸில் "அபோவ் 4ஜி டீகோடிங்" என்று இருந்தால் இயக்குங்கள். பெட்டியே தெரியவில்லை என்பவர்கள், பயாஸில் தண்டர்போல்ட் பாதுகாப்பு நிலை எப்படி இருக்கிறது, பெட்டிக்கு அனுமதி கொடுத்தீர்களா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். மடிக்கணினி, பெட்டி, கார்டு எல்லாம் சேர்த்து வாங்கித் தரச் சொல்கிறான். வாங்கலாமா?

பதில்: ஐயா, எல்லாமே புதிதாக வாங்கும் நிலையில் இருந்தால் வேண்டாம். பெட்டிக்கும், கார்டுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் கொடுக்கும் பணம் விளையாட்டில் ஒரு பிரேமைக்கூடக் கூட்டாது. அதே தொகைக்கு கிராஃபிக்ஸ் சிப்போடு வரும் மடிக்கணினியோ, மேசைக் கணினியோ அதிகம் செய்யும். தண்டர்போல்ட் உள்ள நல்ல மடிக்கணினி ஏற்கெனவே கையில் இருந்து, விளையாட்டு வீட்டு மேசையில் மட்டும்தான் என்றால் இந்த வழி அர்த்தமுள்ளது. அவர் பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள் கற்கப்போகிறார் என்றாலும் யோசிக்கலாம். அதில் காட்சி ஒருமுறை கார்டுக்குள் ஏறிவிட்டால் பிறகு கணக்கு முழுவதும் அங்கேயே நடக்கும், குறுகிய கேபிள் பெரிதாகத் தடுக்காது.

கேள்வி: பெட்டிக்குப் பதிலாக, கார்டைச் செருகும் மூடியில்லாத மலிவான டாக் வாங்கி, வீட்டில் கிடக்கும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை இணைக்கலாமா?

பதில்: பெயர் தெரியாத, பல ஆண்டு ஓடிய எஸ்எம்பிஎஸ் வேண்டாம். நல்ல தயாரிப்பில் 450 வாட் இருந்தால் 170 வாட் கார்டுக்குத் தாராளம். மூன்று முள் பிளக்கும் எர்த் சரியாக உள்ள பாயின்ட்டும் கட்டாயம். எர்த் இல்லாத பாயின்ட்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் உலோக உடலில் லேசாக மின்சாரம் தெரியும். மடிக்கணினி அதோடு கேபிளால் கட்டப்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் திறந்த டாக்கைத் தரையில் வைக்காதீர்கள்.

கேள்வி: பெட்டியை மேசைக்குக் கீழே வைக்க 2 மீட்டர் கேபிள் வாங்கலாமா?

பதில்: நான் அதைத்தான் செய்தேன். ஒரு வாரம் டிரைவரை அழித்து அழித்து நிறுவினேன், விண்டோஸையே மாற்றினேன், பிரேம்கள் ஏறவில்லை. கடைசியில் பெட்டியோடு வந்த அரை மீட்டர் கேபிளை மாட்டியதும் எல்லாம் சரியானது. உள்ளே சிப் இல்லாத சாதாரண தண்டர்போல்ட் 3 கேபிள், அரை மீட்டரைவிட நன்கு நீண்டால் பெரும்பாலும் 20 கிகாபிட்டுக்கு இறங்கிவிடும். 2 மீட்டரில் 40 வேண்டுமென்றால் ஆக்டிவ் வகைக் கேபிள் வேண்டும், விலை அதிகம். பெட்டியை மேசை மேலேயே, மடிக்கணினியின் பக்கத்தில் வையுங்கள்.