மாசிக்காய் ஏன் காய்க்கவில்லை?

கேள்வி: ஐயா, வணக்கம். நத்தம் பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் மூன்று வருடம் முன்பு 120 மாசிக்காய்க் கன்று நட்டேன். கன்று ஒன்று 150 ரூபாய். 'மூன்றாம் வருடம் காய்க்கும், காயை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்று கன்று விற்றவர் தாளில் எழுதியும் கொடுத்தார். மரம் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது, ஒரு பூ இல்லை. கேட்டால் லிட்டர் 850 ரூபாய்க்கு ஒரு டானிக் அடிக்கச் சொல்கிறார். இலையில் பூச்சி முடிச்சு வருகிறது, அதற்கு இரண்டு முறை மருந்து அடித்தேன். காய்ப்புக்கு என்ன உரம் கொடுக்கலாம்? தழையை ஆட்டுக்குப் போடலாமா? இலைப் படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் அந்த டானிக்கை வாங்காதீர்கள். எந்த உரத்துக்கும் மாசிக்காய் காய்க்காது, ஏனென்றால் அது காயே இல்லை.

நாட்டுமருந்துக் கடையில் நூறு கிராம் மாசிக்காய் வாங்கி, அம்மியில் வைத்து ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே கொட்டை இருக்காது. நடுவில் சின்ன அறை ஒன்று இருக்கும், அதில் தூளோ செத்த பூச்சியோ கிடக்கும். ஒரு வகை ஓக் மரத்தின் மொட்டில் குட்டிக் குளவி ஒன்று முட்டையிடுகிறது. புழு வளர வளர மரம் அதைச் சுற்றி வீங்குகிறது. அந்த வீக்கத்தைத்தான் நம் பாட்டிமார் ஜாதிக்காய், கடுக்காய், வசம்போடு சேர்த்துக் கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுத்தார்கள். குளவி துளைபோட்டு வெளியே போகும் முன்பே பறித்தது நீலப்பச்சையாக, கையில் கனமாக இருக்கும். ஓட்டை விழுந்தது வெளுத்து, லேசாக, துவர்ப்புக் குறைந்து போயிருக்கும். கடையில் ஓட்டை இல்லாததாகப் பொறுக்கி வாங்குவது அதனால்தான்.

அந்த ஓக் துருக்கி, சிரியா, ஈராக்கின் வடக்கு, ஈரானின் சாக்ரோஸ் மலை என்று குளிரும் பனியும் உள்ள சரிவுகளில் புதராகவோ குட்டை மரமாகவோ வளர்வது. துருக்கியில் இதன் பெயர் மாஸி, பாரசீகத்தில் மாஸூ. நம் மாசி மாதத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இமயமலையில் வேறு ஓக் வகைகள் உண்டு, ஆனால் தென்னிந்தியக் காடுகளில் ஓக் இயற்கையாகக் கிடையாது. மரமே இல்லாத ஊரில் அந்தக் குளவிக்கு என்ன வேலை? ஒருவேளை உங்கள் மரம் நிஜமான ஓக்காகவே இருந்து, குளவியும் வந்திருந்தால், நீங்கள் அடித்த மருந்தே விளைச்சலைக் கொன்றிருக்கும். இங்கே பூச்சிதான் மகசூல்.

சிரியாவின் அலெப்போ ஊர்ச் சந்தை வழியாகப் போனதால் ஐரோப்பாக்காரர்கள் இதற்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். எடையில் பாதிக்கு மேல் டானின் என்ற துவர்ப்புச் சத்து. இதை ஊறவைத்த நீரில் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கருவேலம் பிசின் போன்ற ஒரு பிசினும் கலந்தால் அழியாத கறுப்பு மை. ஐரோப்பாவில் பல நூறு வருடம் பத்திரம் எழுதியது அந்த மையில்தான். தோல் பதனிடவும் சாயம் பிடிக்கவும் இதுவே. மலேசியாவில் மஞ்சகானி என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிறார்கள்.

ஆட்டுத் தழை என்று கேட்டீர்களே, சாக்ரோஸில் பானே பக்கத்துக் குர்து விவசாயிகளைத்தான் சொல்லவேண்டும். குடும்பத்தின் பங்குக் காட்டை மூன்று நான்கு பாகமாகப் பிரித்து, வருடம் ஒரு பாகத்தில் மட்டும் ஓக் கிளைகளைக் கழித்து, தழையோடு போராக அடுக்கிவிடுவார்கள். பனிக்காலத்தில் வெள்ளாட்டுக்கு அதுதான் தீவனம். இதற்குக் கலாஸனி என்று பெயர். வெட்டிய பாகம் மறுபடி தழைத்து வர இரண்டு மூன்று வருடம் கிடைத்துவிடும். நம் ஊரில் வேம்பையும் வாகையையும் ஒரே கோடையில் மொட்டையடிக்கிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

சரி, உங்கள் மரத்துக்கு வருகிறேன். இலை ஓரத்தில் பல் இல்லை. காம்பு இலையைத் தொடும் இடத்தில் இரண்டு சின்னப் பொட்டுகள் தெரிகின்றன. எனக்கு அது கடுக்காய்போலத் தெரிகிறது. ஏமாற்றியவர் உங்களுக்கு உபகாரமும் செய்திருக்கிறார் போலும்! படத்தை வைத்து அடித்துச் சொல்லமாட்டேன், ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்குப் போய்க் கேளுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது உரத்தை அல்ல. 'இதன் தாய்மரம் எங்கே நிற்கிறது, காட்டு' என்று கன்று வாங்கிய அன்றே கேட்டிருக்க வேண்டும். முப்பது வருடமாக இதையே சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. கன்றைப் பார்த்து வாங்காதீர்கள், காய்த்து நிற்கும் மரத்தைப் பார்த்து வாங்குங்கள். அதுவும் உங்கள் மழை, உங்கள் மண் உள்ள ஊரில். பிறகு அதே ஊரில் அந்தக் காயை விற்றுக் காசு பார்த்தவர் ஒருவரிடம் பேசுங்கள். கன்று விற்பவரே காயையும் வாங்குகிறேன் என்றால், அவருடைய பிழைப்பு கன்றில்தான், காயில் இல்லை. காட்டாமணக்கில் பார்த்தோம், 2012இல் ஈமுவில் பார்த்தோம். பெரிய புத்திசாலி மாதிரி பேசுகிறேனே, 2003இல் வெனிலா விலையைக் கேட்டு மயங்கி, கொடி வாங்கி நட்டவன் நான். தாய்க்கொடியைக்கூடப் போய்ப் பார்த்தேன், வாங்குகிறவனைப் பார்க்கவில்லை. காய் வந்தபோது விலை பாதாளத்தில் கிடந்தது.

எழுதிக்கொடுத்த தாளையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். கன்றுக் காசாவது திரும்ப வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம்.

கடுக்காய்தான் என்று உறுதியானால் மரத்தை வெட்டவேண்டாம். விதைக்கன்று என்றால் காய்க்கப் பத்து வருடம்கூட ஆகலாம், நடுவில் துவரையோ கொள்ளோ போட்டுக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் இலை கொட்டினால் பயந்து டானிக் தேடாதீர்கள், அது அதன் வழக்கம். தழையை ஆட்டுக்குத் தனியாகப் போடாமல், மற்றத் தழையோடு கொஞ்சமாகக் கலந்து போடுங்கள், துவர்ப்பு அதிகமானால் தீனி எடுக்காது. மருந்து அடித்த மரத்துத் தழையை இப்போதைக்குத் தொடவேண்டாம்.

அப்புறம் அந்த இலை முடிச்சு. கடுக்காய் இலையில் பூச்சியால் வரும் முடிச்சைத்தான் கடுக்காய்ப்பூ என்று நாட்டுமருந்துக் கடையில் விற்கிறார்கள். இரண்டு மூன்று மரங்களை மருந்து அடிக்காமல் விட்டுவையுங்கள். முடிச்சு முற்றியதும் பறித்துக் காயவைத்து, நத்தத்திலேயே ஒரு கடையில் காட்டி என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.