தோலை விட்டு நீங்காத செல்கள்

கேள்வி: என் தந்தையின் இடுப்பிலும் தொடையிலும் பல ஆண்டுகளாக இருந்த சிவந்த, செதில் உதிரும் திட்டுகளுக்கு எக்ஸிமா என்றே சிகிச்சை நடந்தது. அண்மையில் செய்த திசுப் பரிசோதனையில் அது ‘மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்’ என்னும் லிம்ப்போமா, அதாவது வெள்ளணுக்களில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் எனத் தெரிந்தது. இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் நோய் இல்லையாம். அப்படியானால் இந்தப் புற்றுச் செல்கள் எங்கிருந்து வந்தன?

பதில்: இது தோல் செல்களில் தோன்றிய புற்று அல்ல, தோலுக்குள் குடியிருக்கும் டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் தோன்றியது. எலும்பு மஜ்ஜையில் பிறந்து தைமஸ் சுரப்பியில் முதிரும் டி செல்களில் ஒரு பகுதி, தாம் எதிர்கொண்ட கிருமியை நினைவில் வைத்தபடி நெடுங்காலம் வாழ்கிறது. அந்த நினைவுச் செல்களில் ஒரு வகை இரத்தத்துக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் இடையே சுற்றிவருகிறது. மற்றொரு வகை தோலுக்குள் வந்து சேர்ந்தபின் அங்கேயே தங்கிவிடுகிறது. நலமாக உள்ள ஒருவரின் தோலிலேயே ஏறத்தாழ 2,000 கோடி டி செல்கள் இருக்கின்றன என்பதும், அது இரத்தத்தில் உள்ளதைப் போல ஏறக்குறைய இருமடங்கு என்பதும் பலர் அறியாதவை.

உங்கள் தந்தையின் நோய்ச் செல்கள் தங்கிவிடும் வகையின் அடையாளங்களைத் தாங்குபவை. உடல் முழுதும் சிவந்து, இரத்தத்திலும் நோய்ச் செல்கள் காணப்படும் செசரி நோயிலோ, சுற்றிவரும் வகையின் அடையாளங்களே பெரும்பாலும் தென்படுகின்றன. அலெம்டுசுமாப் என்ற மருந்து சுற்றிவரும் டி செல்களை அழித்தபோது செசரி நோயாளிகளின் தோல் தெளிந்தது. மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் திட்டுகளோ அசையவில்லை. இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆயினும் ஒரே நோயாளியின் திட்டுகளில், ஒன்றுக்கொன்று மரபணுவில் வேறுபட்ட பல கிளைகளைச் சேர்ந்த புற்றுச் செல்கள் இருப்பதைக் கண்ட மரபணு ஆய்வுகள், இரத்தத்தின் வழியாகவும் திட்டுகளுக்குச் செல்கள் வந்து சேரலாம் என்ற கருத்தை முன்வைத்துள்ளதால், இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

நோய் தாமதமாகத் தெரிந்ததற்காக வருந்தாதீர்கள். அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1806-இல் முதன்முதலாக விவரித்த இந்நோயின் தொடக்கத் திட்டுகள் எக்ஸிமாவைப் போலவே தோன்றுவதால், உறுதிசெய்யப் பலமுறை திசு எடுக்க நேர்வது வழக்கம். இது தொற்றாது. தொடக்க நிலையில் ஸ்டீராய்டு களிம்பும் புற ஊதாக் கதிர் சிகிச்சையும் நன்கு பலன் தருகின்றன. திட்டுகள் தோலின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பவர்களின் ஆயுள், பெரும்பாலும் சம வயதினரின் ஆயுளை ஒத்தே இருக்கிறது. திட்டுகள் தடித்தாலோ, கட்டியோ புண்ணோ தோன்றினாலோ, கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள்.