ராணிக்குப் பின்னால் ஒரு திரை

அன்புள்ள சார்,

எலிசபெத் ராணியின் முடிசூட்டுப் படத்தில் பின்னால் தெரியும் தேவாலயம் வெறும் வரைந்த திரை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சப்பென்று ஆகிவிட்டது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் தாஜ்மஹால் திரைக்கு முன்னால் நிறுத்தி எடுப்பார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

– ர.

அன்புள்ள ர.,

வித்தியாசம் பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் படம் பிடித்ததே அதனால்தான்.

முடிசூட்டு விழா நடந்த லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள்ளேயே எடுத்திருக்கலாமே என்று தோன்றும். 1953 ஜூன் 2 அன்று அங்கே சுமார் 8,000 பேர் உட்கார்ந்திருந்தார்கள், சடங்கை நிறுத்திவிட்டு விளக்கு வைக்கவா முடியும்? படத்தை எடுத்த புகைப்படக்காரர் செசில் பீட்டனும் அந்தக் கூட்டத்தில் மேலே ஒரு மாடத்தில்தான் இருந்தார், பசிக்குத் தொப்பிக்குள் சாண்ட்விச் ஒளித்துக்கொண்டு. எல்லாம் முடிந்து ராணி மழை ஊர்வலத்தில் அரண்மனைக்குத் திரும்பிய பிறகுதான் பீட்டனுக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. அதற்குள் ராணி, ராணியின் கணவர், தாயார், தங்கை, குழந்தைகள் என்று எல்லோரையும் எடுத்தாக வேண்டும். நாடகங்களுக்கு அரங்கமும் உடையும் அமைத்துப் பழகிய மனிதர், அபேயில் இருக்கும் ஏழாம் ஹென்றியின் சிற்றாலயத்தை வரைந்த திரையை அரண்மனை வரவேற்பறையில் தயாராகத் தொங்கவிட்டிருந்தார்.

சரி, திரையை விட்டுவிட்டு முன்னால் இருப்பதைப் பாருங்கள். தலையில் கிரீடம், வலது கையில் செங்கோல், இடது கையில் சிலுவை வைத்த தங்க உருண்டை, மூன்றுமே தலா ஒரு கிலோவுக்கு மேல் கனம். காலையிலிருந்து சடங்கிலும் வண்டியிலும் அலைந்த 27 வயதுப் பெண், அதைத் தூக்கிக்கொண்டு முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். நார்மன் ஹார்ட்னெல் தைத்த கவுனின் பூவேலையில் இலங்கைக்காக ஒரு தாமரையும் உண்டு (அப்போது இலங்கைக்கும் இவர்தான் ராணி), ஆனால் அங்கியும் நகையும் போட்டிருக்கிற போட்டியில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இத்தனை பளபளப்புக்குப் பின்னால் நிஜக் கல்தூண்களும் கூர்மையாக நின்றிருந்தால் கண்ணுக்கு இளைப்பாற இடமே இருந்திருக்காது. மங்கலான திரை என்பதால்தான் முகம் தப்பித்தது.

அப்புறம், பொய்த்திரை பிடிக்காத உங்களுக்காகவே எடுத்தது போல ஒரு படம் இருக்கிறது. அதே பீட்டன், அதே ராணி, 1968. கிரீடம் இல்லை, தேவாலயம் இல்லை, கடற்படை அதிகாரிகள் போடும் கருநீல மேலங்கி, பின்னால் வெறுமை. என்னைக் கேட்டால் அதுதான் ஒரு படி மேல். ஆனால் 1953 படத்தில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுப் பார்த்த கை அது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.